பொருட்காட்சிப் பூரி

மாயாபந்தர்,
9-11-1966

அன்புள்ள மங்கை அக்காவுக்கு,

பூங்கோதை எழுதுவது. நானும் இவரும் இந்திராணியும் இங்கே சௌக்கியம். மழை இன்னும் விட்டபாடில்லை. துணி காயவில்லை என்பதைத் தவிர வேறு குறை கிடையாது. நீயும் ஜெகநாதன் அத்தானும் சுகமாக இருப்பதாக அடுத்த கப்பலில் செய்தி வர வேண்டும்.

அக்கா, இந்தக் கடிதம் ஒரு பூரிக்காக எழுதுவது. சிரிக்காதே. போன வருஷம் லீவில் சென்னைக்கு வந்திருந்தபோது அத்தான் நம் எல்லோரையும் பொருட்காட்சிக்கு அழைத்துப் போனாரே, ராட்டினத்துக்குப் பக்கத்தில் ‘டில்லி சோலா பூரி’ என்று போர்டு மாட்டிய ஸ்டாலில் சாப்பிட்டோமே, நினைவிருக்கிறதா? இந்திராணியின் முகத்தைவிடப் பெரிய பூரி, பந்து மாதிரி உப்பிக்கொண்டு வந்தது. விரலால் குத்தினாள், புஸ்ஸென்று ஆவி வந்தது, கையை உதறிக்கொண்டு அப்படிச் சிரித்தாள்.

போன வாரம் பள்ளிக்கூடத்தில் பங்கஜம் டீச்சர், பார்த்த அதிசயம் ஒன்றைச் சொல்லுங்கள் என்றிருக்கிறார். ஒருத்தன் முதலையைச் சொன்னானாம். ஒருத்தி யானை மரம் இழுத்ததைச் சொன்னாளாம். இவள் எழுந்து, ஃபுட்பால் அளவு பூரி தின்றேன் என்றிருக்கிறாள். வகுப்பே சிரித்ததாம். டீச்சரும் ‘ஜூட் மத் போலோ’, பொய் சொல்லாதே என்று உட்காரவைத்துவிட்டார். அன்றிலிருந்து பிள்ளைகள் அவளை ‘ஜூட்டி இந்திராணி’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். இங்கே பெங்காலி, தெலுங்கு, மலையாளம், காட்டு வேலைக்கு வந்த ராஞ்சிக்காரர்கள் என்று எல்லார் வீட்டுப் பிள்ளைகளுக்கும் பொதுப் பேச்சு இந்திதான். அதில் பொய்க்காரி என்று பெயர் வாங்கினால் ஊர் முழுக்கப் பொய்க்காரி.

ஏழு வயசுப் பெண், இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. “அம்மா, நான் பொய்யா சொன்னேன்? நீயும்தான பாத்த?” என்று கேட்டாள். நான் அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். அந்தப் பூரியை என் அடுப்பில் சுட்டு, டீச்சரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, அவர் தட்டில் வைக்கப் போகிறேன்.

மார்கழியில் பொருட்காட்சி திறந்ததும் நீ போய்ப் பக்குவத்தைக் கேட்டு எழுது. உனக்குச் சமையல் ஓடாது என்று எனக்குத் தெரியாதா? எஸ்.எஸ்.எல்.சி. படித்த கைக்குக் கரண்டி எதற்கு என்று அம்மாவிடம் சண்டை போட்டவள் நீ. நீ சமைக்க வேண்டாம். கேட்டு எழுதினால் போதும்.

அத்தானுக்கு என் வணக்கம். வழக்கம்போல உன் கடிதத்தின் அடியில் அவர் இரண்டு வரி எழுதாவிட்டால் இந்திராணி கோபித்துக்கொள்வாள்.

உன் தங்கை,
கோதை

*

சென்னை,
4-1-1967

அன்புள்ள கோதைக்கு,

அக்காவின் ஆசிகள். உன் கடிதம் வந்து சேர்ந்தது. இங்கே நாங்கள் இருவரும் சுகம். குழந்தைக்கு என் முத்தங்கள். அவளைப் பொய்க்காரி என்று யார் சொன்னாலும் என்னிடம் அனுப்பு.

முந்தாநாள் மாலை அத்தானும் நானும் பொருட்காட்சிக்குப் போனோம். அதே ஸ்டால், அதே கூட்டம். வாணலி முன்னால் நின்றவர் பெயர் தங்கையா, திருநெல்வேலிக்காரர். மாஸ்டர் என்று கூப்பிடுகிறார்கள்.

“மாஸ்டர், இந்தப் பூரி எப்படிச் செய்யறீங்க?” என்றேன்.

“சாப்பிட வந்தியளா, சட்டியப் பாக்க வந்தியளா?” என்றார்.

விடுவேனா? தங்கை அந்தமானில் இருக்கிறாள், பெண் குழந்தைக்கு இப்படி ஆகிவிட்டது என்று முழுக் கதையையும் சொன்னேன்.

“அந்தமானா? அங்க ஜெயிலுல்லா இருக்கு?”

“ஜெயிலெல்லாம் அந்தக் காலம். என் தங்கை வீட்டுக்காரர் காட்டிலாகாவுல கிளார்க்கு. அங்க ஆபீஸ் இருக்கு, பள்ளிக்கூடம் இருக்கு. பூரிதான் இல்ல.”

பின்னால் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அவருக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் அடக்கிக்கொண்டார். “மைதா, தயிரு, சோடா உப்பு. அம்புட்டுதான். தள்ளி நில்லுங்க” என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை பெயரவில்லை. இப்போதைக்கு இதை வைத்துச் செய்து பார். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா,
மங்கையர்க்கரசி

இந்திராணிக்கு: ஃபுட்பால் என்று நீ சொன்னது தவறு. நான் மூன்று பூரி தின்று அளந்து பார்த்தேன். வாலிபால்தான். டீச்சரிடம் திருத்திச் சொல்லிவிடு. கோதைக்கு: உன் அக்கா மாஸ்டரிடம் வாதாடியதைப் பார்த்தேன். அவளை வக்கீலுக்குப் படிக்கவைக்காமல் அச்சுக்கோப்பவனுக்குக் கட்டிக்கொடுத்தது உங்கள் வீட்டார் செய்த பெரிய பிழை. — ஜெகநாதன்

*

மாயாபந்தர்,
8-2-1967

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம். உங்கள் நலம் அறிய ஆவல். அத்தான் எழுதியதை இந்திராணி பத்துத் தடவை படித்துவிட்டாள். அச்சடித்த மாதிரி எழுத்து என்று இவர் வியந்துபோகிறார்.

பூரி தோற்றுவிட்டது அக்கா. சப்பட்டையாக எண்ணெயில் கிடந்தது. திருப்பிப் போட்டால் அப்பளம், ஆறினால் செருப்புத் தோல். இவர் நான்கு தின்றுவிட்டு, “சப்பாத்தி நல்லாத்தான் இருக்கு” என்றார். பேசாமல் இருந்திருக்கலாம்.

இங்கே மைதா கப்பலில் வருகிறது. வரும்போதே வண்டு குடியேறிவிடுகிறது. சலித்துச் சலித்துக் கை ஓய்ந்துபோகிறது. பசும்பால் கிடையாது, பால் பவுடர்தான். தயிருக்கு எங்கே போவது? அடுத்த வீட்டு ஷெபாலி தீதி பெங்காலி, கிழக்கு வங்காளத்திலிருந்து அகதியாக வந்து சர்க்காரிடம் நிலம் வாங்கிய குடும்பம். என் பூரியைப் பிய்த்துப் பார்த்துவிட்டு, “அரே பாபா, மைதா கோ ஆராம் தோ!” என்றாள். மாவுக்கு ஓய்வு வேண்டுமாம். அவர்கள் லூச்சி என்று ஒரு பூரி சுடுவார்கள், சின்னது. அவளுக்குச் சின்னதுதான் தெரியும், எனக்குப் பெரியது வேண்டும்.

எத்தனை நேரம் மாவை ஊறவைக்க வேண்டும், எண்ணெய் எவ்வளவு காய வேண்டும், வேறு என்ன சேர்க்கிறார்கள்? மாஸ்டரை இன்னொரு முறை மடக்கிக் கேள். உன்னால் முடியும்.

அன்புடன்,
கோதை

*

சென்னை,
27-3-1967

அன்புள்ள கோதைக்கு,

நலம். நீங்கள் மூவரும் நலம் என்று நம்புகிறேன். பதில் தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள்.

நீ கேட்டவை: மைதாவில் எட்டில் ஒரு பங்கு ரவை. வேகவைத்து மசித்த உருளைக்கிழங்கு ஒரு கைப்பிடி. உப்பு, ஒரு சிட்டிகை சர்க்கரை, சூடாக்கிய நெய் ஒரு கரண்டி. தண்ணீர் வேண்டாம், தயிரிலேயே பிசைய வேண்டும். ஈரத் துணி மூடி மூன்று மணி நேரம். கட்டைவிரலால் அழுத்தினால் குழி மெதுவாக மேலே எழும்பி வர வேண்டும். சட்டென்று எழும்பினால் மாவு இன்னும் தயாராகவில்லை. ஓரம் மெலிந்தும் நடு தடித்தும் தேய்க்காதே, எங்கும் ஒரே கனம். தேய்க்கும்போது மாவைத் தூவாதே, எண்ணெய் கறுத்துப்போகும்.

தயிருக்கு: பால் பவுடரை வெதுவெதுப்பாகக் கரைத்துப் பச்சைமிளகாய்க் காம்புகளைப் போட்டு மூடி வை. உறையும்.

அத்தானுக்கு அச்சாபீஸில் வேலை அதிகம். அதனால் இந்தத் தடவை எழுதவில்லை.

மங்கை

*

மாயாபந்தர்,
3-5-1967

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோருக்கும் நல்ல சுகம். நீயும் அத்தானும் எப்படி இருக்கிறீர்கள்? ஒன்றரைப் பக்கத்தில் முடித்துவிட்டாயே, உனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

மிளகாய்க் காம்பில் தயிர் உறைந்தது! ஷெபாலி தீதி அதைப் பார்த்துவிட்டு நான் மந்திரம் போட்டேன் என்கிறாள். ஆறு மாதத்துக்குப் பிறகு எங்கள் வீட்டில் மோர்க்குழம்பு. இவர் அதற்கே மகிழ்ந்துபோய், பூரி வேண்டாம், இது போதும் என்கிறார்.

பூரியும் உப்பியது. ஆனால் ஒரு பக்கம் மட்டும், பல்வலி வந்தவன் கன்னம் போல. தட்டுக்கு வருமுன் சுருங்கிவிட்டது. இந்திராணி கை தட்டினாள், பிறகு நிறுத்திக்கொண்டாள். டீச்சரைக் கூப்பிட இன்னும் காலம் வரவில்லை. அடுப்பில் குறை இருக்குமோ? காட்டிலாகா டிப்போவில் விழும் படாக் மரச் சிராய்தான் எங்களுக்கு விறகு. பேய் மாதிரி எரியும்.

அத்தான் எழுதாதது இந்திராணிக்கு வருத்தம். ‘பெரியப்பா என்னிடம் கோபமா’ என்று கேட்கிறாள். அடுத்த கடிதத்தில் ஒரு வரியாவது எழுதச் சொல்.

அன்புடன்,
கோதை

*

மாயாபந்தர்,
20-7-1967

அன்புள்ள அக்காவுக்கு,

இரண்டு கப்பல் வந்துவிட்டது. மெயில் போட் வரும் நாளெல்லாம் இவர் படகுத்துறை ஜெட்டியில் போய் நின்று வெறுங்கையோடு திரும்புகிறார். உன் கடிதம் இல்லை. காற்றும் மழையும்தான் காரணம் என்று மனசைத் தேற்றிக்கொள்கிறேன். ஆனால் இதே கப்பலில் மற்றவர்களுக்குக் கடிதம் வருகிறதே.

பூரியைப் பற்றி எழுத வேண்டாம் அக்கா. சுகமாக இருக்கிறோம் என்று ஒரு கார்டு போடு, போதும்.

கோதை

*

சென்னை,
2-9-1967

அன்புள்ள கோதைக்கு,

கவலைப்படாதே. எல்லோரும் இருக்கிறோம். உன் இரண்டு கடிதங்களும் என் பையிலேயேதான் இருந்தன, உட்கார்ந்து எழுத நேரம் கூடிவரவில்லை. இந்திராணிக்குச் சொல், அவள் பெரியப்பாவுக்கு அவள்மேல் ஒரு நாளும் கோபம் வராது.

பூரி ஒரு பக்கம் மட்டும் உப்புவதற்குக் காரணம் அடுப்பு இல்லை, உன் கை. எண்ணெயில் விட்டதும் பூரி அடியில் போய் மேலே வரும். வரும் அந்த நொடியில் கரண்டியின் முதுகால் நடுவில் லேசாக அழுத்தி, ஓரத்தில் எண்ணெயை வாரி வாரி விட வேண்டும். பயந்து கையை இழுத்துக்கொண்டால் அது பாதியில் நின்றுவிடும். எண்ணெய் காய்ந்ததா என்று கண்ணால் பார்க்காதே, காதால் கேள். ஒரு துளி மாவைப் போட்டால் சொய்யென்று இழுக்கக் கூடாது, சட்டென்று ஒரு சத்தம், உடனே மேலே வர வேண்டும். மாவும் காலையிலேயே தயாராக வேண்டும். நாங்கள் முதல் மாவைப் பிசைந்து ஈரத் துணி போட்டு மூடிவிட்டுத்தான் உருளைக்கிழங்கு உரிக்க உட்காருவோம். அதற்குள் வெயில் ஏறி மாவு பதமாகிவிடும்.

இந்த முறை வரும். எழுது.

மங்கை

*

மாயாபந்தர்,
25-10-1967

என் அன்புள்ள அக்காவுக்கு,

வந்துவிட்டது!

சுகம் விசாரிக்கும் முன்பே எழுதுகிறேன், மன்னித்துக்கொள். போன ஞாயிற்றுக்கிழமை பகல் பதினொரு மணிக்கு, மாயாபந்தர் காட்டிலாகா குவார்ட்டர்ஸில், என் வாணலியில், முழுசாக உப்பியது. நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை. எண்ணெய் தெறித்தது, தெறிக்கட்டும் என்று அழுத்தினேன். அது மெல்லப் பெருத்து, வாணலிக்குள் அடங்காமல் உருண்டு நின்றது. ஷெபாலி தீதி “மா கோ!” என்று வாயில் கை வைத்தாள். இவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். இந்திராணியோ செருப்புக்கூடப் போடாமல் டீச்சர் வீட்டுக்கு ஓடிவிட்டாள்.

பங்கஜம் டீச்சர் வந்தார். மலையாளத்துக்காரர், நல்லவர்தான். தட்டில் இருந்ததைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். இந்திராணி எதிரில் நின்று, “குத்துங்க டீச்சர்” என்றாள். அவர் விரலால் குத்தினார். ஆவி முகத்தில் அடித்தது. பூரியைச் சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு, குழந்தைக்கு முன்னால் குனிந்து, “என்னோடு க்ஷமிக்கணும் மோளே” என்று மன்னிப்புக் கேட்டார். மறுநாள் வகுப்பில் எல்லோருக்கும் முன்னால், “இந்திராணி சச் போலி தீ. மைனே குத் தேகா” என்று சொல்லிவிட்டார். இந்திராணி சொன்னது நிஜம், நானே பார்த்தேன் என்று. உன் தங்கை மகள் அன்று பள்ளிக்கூடத்திலிருந்து நடந்து வந்த நடையை நீ பார்த்திருக்க வேண்டும்.

இன்னொரு செய்தி. ஜனவரி இருபத்தாறு குடியரசு தினத்துக்கு ஜெட்டி மைதானத்தில் மேளா நடக்கப் போகிறது. எல்லா ஊர்க்காரர்களும் ஆளுக்கொரு ஸ்டால் போடுகிறார்கள். நம் தமிழ் ஆட்கள் வழக்கம்போல இட்லி என்றார்கள். தாசில் ஆபீஸ் கோவிந்தராஜ் எழுந்து, “இட்லியை எல்லாரும் பாத்தாச்சு. பூங்கோதை அம்மா பூரியைப் போடுங்க” என்றார். எனக்குத்தான் பொறுப்பு.

கடைசியாக ஒன்று. உன் கடிதத்தில் ‘நாங்கள் முதல் மாவைப் பிசைந்து மூடிவிட்டு உருளைக்கிழங்கு உரிக்க உட்காருவோம்’ என்று எழுதியிருக்கிறாய். ஸ்டாலுக்கு வெளியே நின்று கேட்டவள் எழுதும் வரி இல்லை அது. கையை இழுக்காதே என்று சொல்ல, சுட்டுக்கொண்ட கை வேண்டும். என்னவென்று நான் கேட்கவில்லை. நீயாகச் சொல்லும்போது கேட்டுக்கொள்கிறேன். ஆனால் நான் ஜெயித்த பூரி நீ சுடக் கற்றுக்கொடுத்தது என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

அத்தான் இத்தனை நாளாக ஒரு வரிகூட எழுதாததால், அவர் உடம்புக்கு ஏதோ என்று பயந்து தினமும் விளக்கேற்றுகிறேன்.

உன் தங்கை,
கோதை

*

சென்னை,
29-12-1967

அன்புள்ள கோதைக்கு,

அக்காவின் ஆசிகள். இந்திராணியின் நடையை நான் இங்கிருந்தே பார்த்துவிட்டேன். சந்தோஷம் என்ற ஒரு சொல் போதாது.

நீ கேட்காமல் கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன். போன பிப்ரவரி பத்தாம் தேதி அத்தான் அச்சாபீஸில் எழுத்துக் கோத்துக்கொண்டிருந்தபோதே சாய்ந்துவிட்டார். பக்கவாதம். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. ஆஸ்பத்திரியில் ஒரு மாதம். பேச்சு மெல்லத் திரும்பியது, கை திரும்பவில்லை. அச்சுக்கோப்பவருக்குக் கை இல்லாவிட்டால் அச்சாபீஸில் எத்தனை நாள் காத்திருப்பார்கள்?

ஒரு நாள் ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போது உன் கடிதம் என் பையில் இருந்தது, எண்ணெய் எவ்வளவு காய வேண்டும் என்று கேட்டிருந்தாயே, அதுதான். வீட்டுக்குப் போகப் பிடிக்காமல் பொருட்காட்சிப் பக்கம் போய்விட்டேன். தங்கையா மாஸ்டர் என்னை அடையாளம் கண்டு, “என்ன அந்தமான் அம்மா, இன்னும் பூரி உப்பலையா?” என்றார். நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது. அத்தனை கூட்டத்தில். பெஞ்சில் உட்காரவைத்து டீ கொடுத்தார். எல்லாவற்றையும் கேட்டார். கேட்டுவிட்டு, “உருளக்கெழங்கு உரிக்கத் தெரியுமா?” என்றார்.

“தெரியாது.”

“உரிச்சா தெரியும். நாளைக்கு வாங்க.”

இப்படித்தான் போனேன். எஸ்.எஸ்.எல்.சி. படித்த கை முதல் மாதம் கிழங்கு உரித்தது, தட்டு கழுவியது. தெரிந்தவர்கள் யாராவது சாப்பிட வந்தால் மூட்டைக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன். பொருட்காட்சி மூடியதும் மாஸ்டர் தன் கடைக்கே கூட்டிக்கொண்டார். மே மாதத்தில் ஒரு நாள் பூரி போடுபவர் வரவில்லை. மாஸ்டர் கரண்டியை என்னிடம் நீட்டினார். இரண்டு விரல் வெந்தது. மாலைக்குள் உப்பியது.

வெட்கப்பட்ட நாட்களில் உனக்கு எழுதக் கூச்சமாக இருந்தது. பெருமைப்படத் தொடங்கிய பிறகு, முதலிலிருந்து சொல்ல வேண்டுமே என்று தள்ளிப்போட்டேன். அதோடு, தெரிந்தால் நீ குழந்தையின் படிப்பை விட்டுவிட்டு அடுத்த கப்பலில் ஏறிவிடுவாய்.

இந்த வருஷப் பொருட்காட்சியில் ராட்டினத்துக்குப் பக்கத்து ஸ்டாலில் வாணலி முன்னால் நிற்பது நான்தான். கூட்டம் என் பூரிக்கு நிற்கிறது. இப்போது மூட்டைக்குப் பின்னால் போவதில்லை. போன வாரம் என் பழைய வாத்தியாரம்மா வந்தார். நானே கூப்பிட்டுத் தட்டை நீட்டினேன். பரிதாபப்பட்டு ஒரு வரி எழுதினாலும் உனக்குப் பதில் போடமாட்டேன்.

மேளாவுக்கு ஒரு யோசனை. கூட்டத்தைப் பார்த்து அவசரப்படாதே. பூரிக்குக் கூட்டம் தெரியாது.

உன் அக்கா,
மங்கை

இந்திராணிக்கு, இது இடது கை. புதுசு. கோணலாகத்தான் வரும். — பெரியப்பா

*

மாயாபந்தர்,
2-2-1968

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும்,

நாங்கள் நலம். உன் கடிதம் மேளாவுக்கு மூன்று நாள் முன்னால் வந்தது. படித்துவிட்டு அழுதேன், அதை மறைக்கவில்லை. ஆனால் பரிதாபத்தில் அழவில்லை. நீ தனியாக நின்றபோது நான் இங்கே பூரி பூரி என்று எழுதிக்கொண்டிருந்தேனே என்ற கோபம் என்மேல் வந்தது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு ஷெபாலி தீதியிடம் படித்துக் காட்டினேன். “துமாரி தீதி தோ ஷேரனி ஹை” என்றாள். உன் அக்கா பெண் சிங்கம் என்கிறாள்.

இப்போது மேளாவைக் கேள். பூரி தயார், தொட்டுக்கொள்ளக் கொண்டைக்கடலை இல்லை! கப்பலில் வர வேண்டிய மூட்டை வரவில்லை. ஜனவரி இருபத்தைந்தாம் தேதி காலையில் இது தெரிந்தது. கோவிந்தராஜ் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். ஷெபாலி தீதிதான், “சனா நஹீ ஹை தோ க்யா? மட்டர் ஹை நா!” என்றாள். கடலை இல்லாவிட்டால் என்ன, பட்டாணி இருக்கிறதே என்று. காய்ந்த மஞ்சள் பட்டாணி ரேஷன் கடையில் கிடந்தது. அவர்கள் ஊரில் அதைத் தேங்காய்ச் சில்லு போட்டுக் குக்னி என்று செய்வார்களாம். அவள் பட்டாணியை வேகவைத்தாள், நான் நம் வீட்டு முறையில் தேங்காயை மல்லி, மிளகாய், சோம்போடு சிவக்க வறுத்து அரைத்தேன். இரண்டையும் ஒரே அண்டாவில் சேர்த்தோம். கடைசியில் தேங்காய்ப் பாலும் எலுமிச்சையும். அவள் ருசி பார்த்தாள், நான் ருசி பார்த்தேன். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இது அவளுடையதும் இல்லை, என்னுடையதும் இல்லை. ஆனால் நன்றாக இருந்தது.

வரிசை ஜெட்டி வரைக்கும் நின்றது அக்கா. ராஞ்சி ஆட்கள், தெலுங்குக்காரர்கள், பர்மாவிலிருந்து வந்து குடியேறிய வேபி கிராமத்துக் கரேன் குடும்பங்கள், போட்டிலிருந்து இறங்கிய மாலுமிகள். நான் கூட்டத்தைப் பார்க்கவில்லை, எண்ணெயை மட்டும் கேட்டேன். பூரி உப்பும்போதெல்லாம் பிள்ளைகள் ‘ஓ’வென்று கத்தினார்கள். போர்ட் பிளேயரிலிருந்து வந்த பெரிய அதிகாரி ஒருவர் இரண்டாவது தட்டை வாங்கிக்கொண்டு, இதை எங்கே கற்றீர்கள் என்று இந்தியில் கேட்டார். நான் வாயைத் திறக்கும் முன் இந்திராணி முந்திக்கொண்டாள். “மேரி படீ மா மெட்ராஸ் மே பூரி மாஸ்டர் ஹை!” மெட்ராஸில் என் பெரியம்மா பூரி மாஸ்டர். அதை அவள் சொன்ன குரல் இருக்கிறதே, கலெக்டர் என்று சொல்பவர்கள்கூட அப்படிச் சொல்லமாட்டார்கள்.

மே மாதம் எங்களுக்கு லீவு. வருகிறோம். அத்தானுக்குக் கை கால் தேய்க்க ஆள் வேண்டாமா? பட்டாணிப் பக்குவத்தைத் தனிக் காகிதத்தில் எழுதியிருக்கிறேன். வீட்டில் செய்து அத்தானுக்குக் கொடு.

அன்புடன்,
கோதை

*

சென்னை,
18-3-1968

அன்புள்ள கோதைக்கு,

நாங்கள் சுகம். அத்தான் இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை நடக்கிறார். நீங்கள் வருவதைக் கேட்டதிலிருந்து நாள்காட்டியைக் கிழிப்பது அவர் வேலை.

உன் பட்டாணியை வீட்டில் செய்தேன். அத்தான் சாப்பிட்டுவிட்டு, “இதை எனக்கு மட்டும் போடறது தப்பு” என்றார். மறுநாள் ஒரு தூக்கில் ஸ்டாலுக்குக் கொண்டுபோனேன். தங்கையா மாஸ்டர் தன் மசாலாவைத் தவிர வேறு எதையும் வாயில் வைக்கமாட்டார். ஒரு பூரியைப் பிய்த்துத் தொட்டார். இன்னொரு பூரி எடுத்தார். தூக்கின் அடியை வழித்த பிறகு நிமிர்ந்தார்.

“யார் பக்குவம் இது?”

“மாயாபந்தர்ல என் தங்கையும், அவ அடுத்த வீட்டு பெங்காலி அம்மாவும் சேந்து செஞ்சது.”

“நான் டில்லியப் பாத்ததே கெடையாது தெரியுமா? சும்மா போர்டுல போட்டேன். இது நெசமாவே ஒரு ஊர்லேருந்து வந்திருக்கு. அந்த ஊர்ப் பேரையே எழுதிருவோம்.”

பொருட்காட்சியின் கடைசிப் பத்து நாளும் ‘மாயாபந்தர் பட்டாணி’ என்று சிவப்பு எழுத்தில் தனிப் பலகை தொங்கியது. மாலை ஏழு மணிக்கெல்லாம் தீர்ந்துபோகும். ஷெபாலி அம்மாவிடம் சொல், மெட்ராஸ்காரர்கள் அண்டாவைச் சுரண்டிவிட்டார்கள் என்று.

கடைசி நாள் கூட்டம் நெரிந்தது. கோட்டுப் போட்ட ஒருவர் தட்டை வைத்துக்கொண்டு, “அது எங்கம்மா இருக்கு, மாயாபந்தர்? கேள்விப்பட்டதே இல்லையே” என்றார். வேலை நேரத்தில் வாயைத் திறந்தால் மாஸ்டருக்குப் பிடிக்காது. வாணலியில் எண்ணெய் காய்ந்து நிற்கிறது, ஐம்பது பேர் வரிசையில். இருந்தாலும் என்னால் முடியவில்லை. போர்ட் பிளேயருக்குக் கப்பலில் எத்தனை நாள், அங்கிருந்து எத்தனை நாள், யானை எப்படி மரம் இழுக்கும், எத்தனை பாஷைக்காரர்கள் ஒரே வரிசையில் நின்று என் தங்கையின் பூரியைத் தின்றார்கள் என்று ஆரம்பித்துவிட்டேன். நடுவில் நினைவு வந்து, பயந்துபோய்த் திரும்பிப் பார்த்தேன்.

மாஸ்டர் என் கையிலிருந்த கரண்டியை வாங்கிக்கொண்டார். “நீங்க சொல்லுங்க,” என்றார், “நான் எண்ணெயப் பாத்துக்கிடுதேன்.”

உன் அக்கா,
மங்கையர்க்கரசி